ஓர் அணு, இரு வழிகள்: கொல்கத்தாவின் ஆராய்ச்சி நிலையங்களும் அணு ஆயுதத் திறனும்

கொல்கத்தா நகரின் கிழக்கெல்லையில், சால்ட் லேக் என்று மக்கள் வழங்கும் பிதான்நகரில், இரண்டு அணு ஆராய்ச்சி நிலையங்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று சாஹா அணுக்கருப் பௌதிகக் கழகம். மற்றொன்று மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் நிலையம். இரண்டும் மத்திய அரசாங்கத்தின் அணுசக்தித் துறையைச் சார்ந்தவை. 2006-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தன் அணு நிலையங்களைச் சிவில் பிரிவு, ராணுவப் பிரிவு என வகுக்கும் திட்டத்தைப் பார்லிமெண்டின் முன் வைத்தது. சிவில் பிரிவைச் சேர்ந்தவை என்று அத்திட்டத்தில் குறிக்கப்பெற்ற ஒன்பது ஆராய்ச்சி நிலையங்களுள் கொல்கத்தாவின் இவ்விரண்டும் இருந்தன. சென்னையிலுள்ள கணித விஞ்ஞானக் கழகமும் இருந்தது. சர்வதேசக் கண்காணிப்புக்கு இவற்றில் பொருளே இல்லை என்றும் அத்திட்டம் கூறிற்று.

இது சிந்தனைக்குரிய செய்தியாகும். அணுவின் உள்ளத்தையே பிளந்து ஆராயும் ஒரு நிலையத்திற்குக் கண்காணிப்பு வேண்டியதில்லை; ஆனால் வீட்டு விளக்குக்கு மின்சாரம் தரும் ஓர் அணுமின் நிலையத்திற்கோ பிற நாட்டு அதிகாரிகள் வந்து எரிபொருள் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றனர். இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிந்து கொண்டால், அமைதிப் பணிக்கான அணுசக்தி எந்த இடத்தில் ஆயுதத் திறனாக மாறக் கூடும் என்பது விளங்கிவிடும்.

பிளவும் அதன் அளவும்

1938-ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லின் நகரில் ஓட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மன் என்ற இரு ரசாயன விஞ்ஞானிகள், நியூட்ரான் தாக்கிய யுரேனியத்தில் பேரியம் தோன்றியிருக்கக் கண்டனர். யுரேனியத்தின் அணுக்கரு இரண்டாகப் பிளந்ததே அதன் காரணம் என்று லீஸ மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் விளக்கினர். பிளவுறும் ஒவ்வோர் அணுக்கருவிலிருந்தும் இரண்டு அல்லது மூன்று புதிய நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவை வேறு கருக்களைத் தாக்கி மேலும் பிளவுகளை உண்டாக்க வல்லவை. இதனைத் தொடர் வினை என்பர்.

அணு உலையில் இத்தொடர் வினை கடிவாளமிட்டு நடத்தப்படுகிறது. ஒரு பிளவிலிருந்து எழும் நியூட்ரான்களுள் சராசரியாக ஒன்றே அடுத்த பிளவை உண்டாக்குமாறு, மற்றவை உறிஞ்சப்படுகின்றன. அணுகுண்டிலோ கடிவாளம் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த காலத்தில் பிளவுகள் பெருகி முடிந்துவிடுகின்றன. ஒரு கிலோகிராம் யுரேனியம்-235 முற்றிலும் பிளவுற்றால், சுமார் 3,000 டன் நிலக்கரியை எரித்த வெப்பம் கிடைக்கும். அந்த வெப்பம் பல மாதங்களில் சிறுகச் சிறுக வந்தால் மின்சாரம். ஒரே நொடிக்குள் வந்தால் நாசம். பௌதிக விதி இரண்டிற்கும் ஒன்றே. வேறுபடுவது பொருளின் தூய்மை, அதன் அளவு, அதை அமைக்கும் முறை ஆகியவையே.

அணுமின் உலை அணுகுண்டைப் போல் வெடித்துவிடுமோ என்ற அச்சம் மக்களிடையே உண்டு. உலையின் எரிபொருள் அத்தகைய தூய்மை உடையதன்று. ஆதலின் அவ்வாறு நேர இடமில்லை. 1986-இல் சோவியத் நாட்டின் செர்னோபிலில் நேர்ந்த பெரு விபத்தும் அணுகுண்டு வெடிப்பன்று. உலையின் ஆற்றல் கட்டுக்கடங்காமல் உயர்ந்து, நீராவியின் அழுத்தத்தால் உலை சிதறி, அதன்பின் மூண்ட தீயால் கதிரியக்கப் பொருள்கள் காற்றில் பரவின. விபத்து அபாயம் வேறு, ஆயுத அபாயம் வேறு என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதல் வழி: யுரேனியத்தைச் செறிவாக்கல்

நிலத்திலிருந்து தோண்டியெடுக்கும் யுரேனியத்தில் இரு முக்கிய ஐசோடோப்புகள் உள்ளன. எளிதிற் பிளவுறும் யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 பங்குதான், எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. சாதாரண நீரைப் பயன்படுத்தும் மின் உலைகளுக்கு 235-இன் பங்கு நூற்றுக்கு 3 முதல் 5 வரை இருத்தல் வேண்டும். ஆயுதத்துக்கு வேண்டிய பங்கோ நூற்றுக்குச் சுமார் 90 ஆகும்.

இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது என்று முதற் பார்வைக்குத் தோன்றும். உண்மை வேறு. இதனை ஆசிரியர்கள் வகுப்பில் எளிய முறையில் காட்டலாம். 993 நெல்மணிகளையும் 7 கறுப்பு உளுந்து மணிகளையும் ஒரு தட்டில் கலந்து வைக்கவும். இந்த 1,000 மணிகளே இயற்கை யுரேனியம் எனக் கொள்க. நெல்லை மட்டும் பொறுக்கி நீக்கி, உளுந்தின் பங்கை நூற்றுக்கு 4 ஆக்க வேண்டுமாயின், 825 நெல்மணிகளை எடுக்க வேண்டும். தட்டில் 175 மணிகள் எஞ்சும். அதனை மேலும் நூற்றுக்கு 90 அளவுக்கு உயர்த்த இன்னும் 167 நெல்மணிகளை எடுத்தால் போதும். ஏழு உளுந்தும் ஒரு நெல்லும் எஞ்சும். மொத்த வேலையில் ஆறில் ஐந்து பங்கு, மின் உலைக்கான எரிபொருளைத் தயாரிப்பதிலேயே முடிந்துவிடுகிறது.

உண்மையான ஆலையில் கணக்கு இவ்வளவு எளிதன்று. கழிவோடு 235-உம் ஓரளவு வெளியேறும்; பிரிப்பதற்கு ஆகும் உழைப்பை வேறு முறையில் அளப்பர். எனினும் முடிவு மாறுவதில்லை. உழைப்பின் பெரும் பகுதி தொடக்கத்திலேயே செலவாகிறது. ஆகையால் ஒரு நாடு சிவில் தேவைக்கென்றே செறிவாக்கும் ஆலை அமைத்தாலும், உலக நாடுகள் அதனைக் கூர்ந்து நோக்குகின்றன.

இரண்டாம் வழி: புளுட்டோனியம்

உலையிலுள்ள யுரேனியம்-238 எளிதிற் பிளவுறாவிடினும் நியூட்ரானை விழுங்க வல்லது. விழுங்கிய பின் அது நெப்டூனியமாகி, பின்னர் சில நாட்களில் புளுட்டோனியம்-239 ஆக மாறுகிறது. ஆகவே யுரேனியம் எரியும் உலை எதுவாயினும் அதன் சாம்பலில் புளுட்டோனியம் இருக்கும்.

புளுட்டோனியம் வேறொரு மூலகம். ஆதலின் அதனை யுரேனியத்திலிருந்து ரசாயன முறையாற் பிரிக்கலாம். ஒரே மூலகத்தின் இரு ஐசோடோப்புகளைப் பிரிக்கும் சிரமம் இங்கில்லை. ஆனால் எரிந்த எரிபொருளின் கதிர்வீச்சு உயிர்க்கொல்லியாதலால், தடித்த கான்கிரீட் சுவருக்கு அப்பாலிருந்து கருவிகளைக் கொண்டே எல்லா வேலையையும் செய்தாக வேண்டும். இந்தப் பிரித்தெடுக்கும் ஆலையே சிவில் வழியும் ராணுவ வழியும் பிரியும் நாற்சந்தி எனலாம். பிரித்த புளுட்டோனியத்தை வேக உலைகளுக்கு எரிபொருளாக இடலாம், ஆயுதத்திற்கும் இடலாம்.

ஓர் ஆயுதம் செய்யக் கூடிய வாய்ப்பைப் புறக்கணிக்க முடியாத அளவு என்று சர்வதேச அணுசக்தி ஏஜென்சி சில எல்லைகளை வகுத்துள்ளது. புளுட்டோனியத்துக்கு அது 8 கிலோகிராம். உயர்செறிவு யுரேனியத்தில் அடங்கிய யுரேனியம்-235-க்கு 25 கிலோகிராம்.

சைக்ளோட்ரான் எங்கே நிற்கிறது?

இனிக் கொல்கத்தாவின் நிலையத்திற்கு வருவோம். சைக்ளோட்ரான் என்பது மின்னேற்றம் உடைய நுண்துகள்களை வேகப்படுத்தும் இயந்திரம். ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையை ஒவ்வொரு முறையும் தக்க தருணத்தில் சிறிதே தள்ளினால், ஊஞ்சல் மேன்மேலும் உயர எழுகிறது. அவ்வாறே, பெருங் காந்தத்தின் பிடியில் வட்டமிடும் துகளுக்கு அரை வட்டத்திற்கொரு முறை மின்புலம் ஒரு தள்ளு தருகிறது. துகள் சுருள் பாதையில் விரிந்து சென்று, பெரு வேகத்துடன் இலக்கைத் தாக்குகிறது.

புளுட்டோனியம் உலகில் முதன் முதலாக உண்டாக்கப்பட்டதே சைக்ளோட்ரானைக் கொண்டுதான். 1941-இன் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் க்ளென் ஸீபோர்க்கும் அவர்தம் தோழர்களும் அதனைக் கண்டறிந்தனர். 1942 செப்டம்பரில் முதன் முதலாக எடை போடப்பட்ட புளுட்டோனியம் ஆக்ஸைடின் அளவு 2.77 மைக்ரோகிராம். மேலே கூறிய 8 கிலோகிராம் என்ற அளவு இதைப்போல் ஏறத்தாழ 300 கோடி மடங்கு. சைக்ளோட்ரானுக்குக் கண்காணிப்பு வேண்டாததன் காரணம் இந்த ஓர் ஒப்பீட்டிலேயே அடங்கியுள்ளது. அது அறிவை உண்டாக்கும். ஆயுதத்திற்குப் போதிய பொருளை உண்டாக்காது.

ஆயினும் அறிவும் பயனற்றதன்று. சைக்ளோட்ரானைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் லாரன்ஸ், அதன் காந்த நுட்பத்தையே மாற்றியமைத்து, யுரேனிய ஐசோடோப்புகளைப் பிரிக்கும் இயந்திரங்களை உலகப் போரின்போது உருவாக்கினார். ஓக் ரிட்ஜில் அவை பெருந்தொகையாக நிறுவப்பட்டன. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் வீசப்பட்ட குண்டின் யுரேனியம் அவற்றின் வழியாக வந்ததே. பொருள் ஒரு புறம், அப்பொருளைக் கையாளக் கற்ற மனிதர் மறுபுறம். இரண்டும் சேர்ந்தே ஒரு நாட்டின் திறனாகின்றன.

மேகநாத் சாஹாவின் முயற்சி

கல்கத்தாவின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்று. விண்மீன்களின் வெப்பத்தையும் அவற்றின் ஒளிப்பட்டையையும் தொடர்புபடுத்தும் அயனிச் சமன்பாட்டை 1920-இல் வெளியிட்டுப் புகழ் பெற்றவர் மேகநாத் சாஹா. அவர் 1938-இல் அலகாபாத்திலிருந்து கல்கத்தாப் பல்கலைக் கழகத்திற்குத் திரும்பி வந்து, அணுக்கருப் பௌதிகத்தை நம் நாட்டில் வேரூன்றச் செய்ய முற்பட்டார். அவருடைய மாணவர் வாஸந்தி துலால் நாக் சௌத்ரி பெர்க்லிக்குச் சென்று லாரன்ஸிடம் பயின்று, 1941-இல் தாயகம் மீண்டார். சைக்ளோட்ரானுக்கு வேண்டிய பெருங் காந்தத்தின் பகுதிகள் கல்கத்தா வந்து சேர்ந்தன. ஆனால் வெற்றிடப் பம்புகளை ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. காற்றை நீக்காமல் சைக்ளோட்ரான் இயங்காது. ஆகவே வேண்டிய கருவிகளை இங்கேயே செய்யக் கற்க வேண்டியதாயிற்று; பணி பல ஆண்டுகள் நீடித்தது.

பல்கலைக் கழகத்தின் அணுக்கருப் பௌதிகக் கழகத்தை 1950 ஜனவரி 11-ஆம் நாள் ஐரீன் ஜோலியோ-க்யூரி அம்மையார் திறந்து வைத்தார். 1956-இல் சாஹா மறைந்தபின் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பின்னர் எழுந்த மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் 1977 ஜூன் 16-ஆம் நாள் தன் முதற் கற்றையைத் தந்தது. 224 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள காந்த முனைகளைக் கொண்ட அவ்வியந்திரம் இந்திய விஞ்ஞானிகளாலும் பொறியாளர்களாலும் அமைக்கப்பட்டது.

ரகசியம் பற்றிய வாதம்

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், அணுசக்திச் சட்டம் இயற்றப்பட்டது. அது ஆராய்ச்சியைப் பெரும்பாலும் அரசாங்கத்தின் ரகசியக் காப்பினுள் வைத்தது. சபையில் நடந்த விவாதத்தில் ஓர் உறுப்பினர், ராணுவ நோக்கத்துக்கு ரகசியம் வேண்டுமாயின் இருக்கட்டும், அமைதி ஆராய்ச்சிக்கும் அது ஏன் என்று வினவினார். பிரதமர் ஜவாஹர்லால் நேரு, அவ்விரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துவது என்று தமக்குத் தெரியவில்லை என்ற கருத்துப்பட விடையிறுத்தார். இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அந்த விடையில் அடங்கியுள்ளது எனலாம்.

சாஹா இந்த ரகசியத்தை எதிர்த்தார். 1952-இல் கல்கத்தாவிலிருந்து லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1954 மே 10-ஆம் நாள் அணுசக்தியின் அமைதிப் பயன்கள் பற்றிய விவாதத்தை அச்சபையில் எழுப்பினார். பல்கலைக் கழகங்களில் ஆட்களைப் பயிற்றாமல், தொழிற்றுறையை வளர்க்காமல், மூடிய கதவுகளுக்குப் பின்னால் அணுசக்தி வளராது என்பது அவர் கொள்கை. ஹோமி பாபாவோ சிறப்பு நிலையங்களில் பணியை ஒருமுகப்படுத்துவதே விரைவில் பயன் தரும் என்று கருதினார். அரசாங்கம் பாபாவின் வழியையே மேற்கொண்டது. பெரும் உலைகள் பம்பாயை அடுத்த டிராம்பேயில் எழுந்தன. உலைகளும் பிரித்தெடுக்கும் ஆலையும் கல்கத்தாவில் இல்லாமற் போனது இவ்வாறே.

1974-ஆம் ஆண்டு காட்டிய பாடம்

டிராம்பேயில் கனடா நாட்டின் உதவியால் அமைந்த ஸைரஸ் உலை 1960 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. 40 மெகாவாட் வெப்ப ஆற்றல் உடைய அவ்வுலை இயற்கை யுரேனியத்தையும், அமெரிக்கா வழங்கிய கனநீரையும் பயன்படுத்தியது. அமைதிப் பணிக்கே பயன்படுத்தப்படும் என்ற வாக்குறுதி ஒப்பந்தத்தில் இருந்தது. வந்து சோதிக்கும் ஏற்பாடு இல்லை. 1960-களின் நடுவில் டிராம்பேயிலேயே புளுட்டோனியம் பிரிக்கும் ஆலையும் தொடங்கியது. தோரியம் வளத்தைப் பயன்படுத்தும் பாபாவின் மூன்று கட்டத் திட்டத்திற்கும் அவ்வாலை இன்றியமையாததே.

1974 மே 18-ஆம் நாள் ராஜஸ்தானத்தின் பொக்ரானில் நிலத்தடியில் ஓர் அணுச் சாதனம் வெடிக்கப்பட்டது. அதன் புளுட்டோனியம் ஸைரஸ் உலையில் உண்டானது. இந்தியா அதனை அமைதி நோக்குடைய வெடிப்பு என்று அறிவித்தது. அவ்வாண்டு வரை ராணுவ அமைச்சரின் விஞ்ஞான ஆலோசகராக விளங்கியவர், கல்கத்தாவில் சைக்ளோட்ரான் அமைக்கப் பாடுபட்ட அதே நாக் சௌத்ரி ஆவார். கல்கத்தாவின் இயந்திரம் பொக்ரானுக்கு ஒரு கிராம் பொருளும் தரவில்லை. ஆனால் கல்கத்தாவில் பயின்ற அறிவு அரசாங்கத்தின் ஆலோசனை மண்டபம் வரை சென்றது.

கனடா அணுசக்தி ஒத்துழைப்பை நிறுத்திக் கொண்டது. அணுப் பொருள்களை விற்கும் நாடுகள் ஒன்றுகூடி, அணுப் பொருள் வழங்கும் நாடுகளின் குழுவை அமைத்தன. இந்தியாவின் சிவில் உலைகளும் கருவியும் எரிபொருளும் இன்றிப் பல ஆண்டுகள் இடர்ப்பட்டன. ஆயுதத் திறனின் விலையை மின்சாரமும் கொடுக்க நேர்ந்தது. ஸைரஸ் உலை 2010 டிசம்பர் 31-ஆம் நாளுடன் ஓய்வு பெற்றது.

எண்ணிக் காக்கும் முறை

1957-இல் தோன்றிய சர்வதேச அணுசக்தி ஏஜென்சி, உலைகளிலும் ஆலைகளிலும் உள்ள அணுப் பொருளைக் கணக்கெடுக்கிறது. முத்திரையிடுதல், நிழற்படக் கருவிகளைப் பொருத்துதல், மாதிரி எடுத்துச் சோதித்தல் ஆகியவை அதன் முறைகள். வங்கியில் ரொக்கத்தைத் தணிக்கை செய்வது போன்றதே இது. 1968-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1970-இல் அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை, 1967 ஜனவரி 1-க்கு முன் அணு ஆயுதம் வெடித்த ஐந்து நாடுகளை மட்டும் ஆயுத நாடுகளாக ஏற்றது. இது சமநீதியன்று என்று கூறி இந்தியா அதில் கையெழுத்திடவில்லை.

1998 மே 11, 13-ஆம் நாட்களில் இந்தியா மீண்டும் பொக்ரானில் சோதனைகளை நிகழ்த்தி, அணு ஆயுத நாடு எனத் தன்னை அறிவித்துக் கொண்டது. ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்ற கொள்கையையும் வகுத்துக் கொண்டது. அதன்பின் வந்ததே 2006-ஆம் ஆண்டுத் திட்டம். அப்போது இயங்கியவையும் கட்டப்பட்டு வந்தவையுமான 22 மின் உலைகளுள் 14 உலைகளைக் கண்காணிப்பின் கீழ் வைக்க இந்தியா இசைந்தது. 2008 செப்டம்பரில் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு விலக்கு அளித்தது.

இப்பிரிவினையைத் தமிழ்நாட்டிலேயே காணலாம். கூடங்குளத்தின் உலைகள் சர்வதேசக் கண்காணிப்பின் கீழ் உள்ளன. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையமும் வேக உலைகளும் அத்திட்டத்தில் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன. இரண்டு ஊர்களும் மின்சாரத்தையே தருகின்றன. ஆனால் ஓரிடத்தில் பிறக்கும் புளுட்டோனியத்திற்கு உலகம் கணக்குக் கேட்கிறது, மற்றோரிடத்தில் அக்கணக்கு நம் அரசாங்கத்திடமே உள்ளது.

திறனும் தீர்மானமும்

திறன் இருந்தால் ஆயுதம் வந்தே தீரும் என்று கொள்வதும் பிழை. ஜப்பான் செறிவாக்கும் ஆலையையும் புளுட்டோனியம் பிரிக்கும் நுட்பத்தையும் உடைய நாடு. எனினும் 1976-இல் பரவல் தடை உடன்படிக்கையை உறுதி செய்து, கண்காணிப்புக்கு உட்பட்டு, ஆயுதமின்றியே உள்ளது. தென்னாப்பிரிக்காவோ ரகசியமாகச் சில குண்டுகளைச் செய்து, பின் அவற்றைத் தானே கலைத்துவிட்டு, 1991-இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. உலையும் ஆலையும் ஒரு நாட்டை வாயிலுக்கு அருகே கொண்டு நிறுத்தும். உள்ளே புகுவது அந்நாட்டின் தீர்மானம்.

இன்று கொல்கத்தாவில் மூன்றாவது வகைச் சைக்ளோட்ரான் ஒன்றும் பணியாற்றுகிறது. 30 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய அந்த மருத்துவ இயந்திரம் 2018-இல் செயற்படத் தொடங்கியது. புற்றுநோயைப் படம்பிடித்துக் காட்ட உதவும் ஃப்ளூரின்-18 போன்ற ஐசோடோப்புகளை அது தருகிறது. ஃப்ளூரின்-18 ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகையால் அதனை உண்டாக்கிய சில மணி நேரத்திற்குள் நோயாளியிடம் சேர்த்தாக வேண்டும். ஆயுதத்துக்கு உதவாத, சேமித்து வைக்கவும் இயலாத பொருள் அது.

ஊர்ப்புறத்தில் அணு நிலையம் ஒன்றைப் பற்றி ஐயம் எழும்போது, களப் பணியாளரும் ஆசிரியரும் அணு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சவும் வேண்டா, அமைதி என்ற சொல்லைக் கேட்டு அயர்ந்துவிடவும் வேண்டா. அங்கே என்ன பொருள் உண்டாகிறது, எவ்வளவு உண்டாகிறது, அதனை யார் எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். முதல் இரண்டுக்கும் பௌதிகம் விடை சொல்லும். மூன்றாவதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அரசாங்கத்தாரும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்களுமே.